அம்மாவும் சிஸ்டர், மகளும் சிஸ்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

அம்மா செவிலியர், மகளும் செவிலியர் என்றிருக்கும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. இருவரும் ஒரே மருத்துவமனையில், சில சமயம் ஒரே வார்டில் டூட்டி பார்ப்பார்கள். அம்மாவிடமிருந்து எதை வாங்கிக்கொள்ளலாம், எதை வாங்கவே கூடாது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது விரல் பழக்கம். ஊசி போட வெயின், அதாவது ரத்தக்குழாய், தேடும்போது கண்ணைவிட விரல்தான் நம்பகம். ஊசி போடும் இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே கையை இறுக்கும் பட்டியைக் கட்டி, ஆள்காட்டி விரலால் அழுத்திவிட்டால் நல்ல வெயின் மெத்தென்று எழும்பும். பலமுறை ஊசி பட்டது கயிறுபோல விரலுக்கடியில் உருளும், அதை விட்டுவிட வேண்டும். பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தொடு உணர்வு வேண்டுமென்று கையுறையின் விரல் நுனியைக் கிழித்துக்கொள்ளும் வழக்கம் மூத்தவர்கள் சிலரிடம் இருக்கிறது. அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். ரத்தம் படுவது அந்த நுனியில்தான்.

ட்ரிப்ஸ் எண்ணுவதும் அப்படியே. மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் செட்டில் 500 மில்லியை 8 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 21 சொட்டு. நோயாளி கையை மடக்கினாலே இந்தக் கணக்கு மாறிவிடும். அதனால் ஒருமுறை எண்ணி வைத்தால் போதாது, கட்டில் பக்கம் போகும்போதெல்லாம் எண்ண வேண்டும்.

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்த காலத்தில் பயின்றவர்களுக்கு, போட்ட ஊசியைத் திரும்ப மூடியில் செருகுவது கை தானாகச் செய்யும் வேலை. பார்த்துப் பார்த்தே மகளுக்கும் அது ஒட்டிக்கொள்கிறது. மூடியைப் பிடித்திருக்கும் இடது கை விரலில்தான் குத்தும். ஊசியை மூடாமல் அங்கேயே கட்டரில் வெட்டி, துளைபடாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், சோப்பும் ஓடும் நீரும் போதும். உடனே பதிவு செய்து மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அம்மா திட்டுவாரே என்று மகள் மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இதைவிட நுணுக்கமானது இருவர் சரிபார்ப்பு, அதாவது ஊசி போடுமுன் மருந்தின் அளவை இரண்டு செவிலியர்கள் தனித்தனியே பார்ப்பது. இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை தடாலென இறங்கி நோயாளி நினைவிழக்கக்கூடும். சிரிஞ்சை நீட்டி "இருபதுதானேம்மா?" என்று மகள் கேட்க, "ஆமாம்மா" என்று அம்மா கையெழுத்துப் போட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. பாசம் கண்ணை மறைக்கும் இடம் இது. அளவைச் சொல்லாமல் குப்பி, சிரிஞ்சு, மருத்துவர் எழுதிய கேஸ் ஷீட் மூன்றையும் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் தானாகப் படித்து, தானாகக் கணக்கிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போன பிறகே ஊசி. வேறொரு சிஸ்டர் டூட்டியில் இருந்தால் அவரைக் கூப்பிடுவது இன்னும் நல்லது.

வார்டுக்குள் அம்மாவையும் "சிஸ்டர்" என்றே கூப்பிடுங்கள். கேள்வி கேட்க வாய் வருவதற்கு அந்த ஒரு சொல் உதவுகிறது. டூட்டி ஓவர் கொடுப்பதும், அதாவது அடுத்து வருபவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பதும், கட்டில் பக்கத்தில் நின்றுதான். மீதியைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், நோயாளியின் ரகசியம் வீட்டுக்கு வந்துவிடும், வார்டில் தெரிய வேண்டிய தகவல் விட்டுப்போகும்.

அம்மாவே இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தால் மகளின் நைட் டூட்டி, லீவு, தவறு நடந்தால் எழுதும் அறிக்கை, இந்த மூன்றையும் வேறொருவர் பார்க்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேறு வார்டுக்கு மாற்றல் கிடைக்குமென்றால் மகள் தயங்காமல் போகலாம்.