எட்டிப் பார்க்க வரும் கடல் விரால்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கரையில் பிறந்தவன். சின்ன வயதில் மாமாவோடு வள்ளத்தில் போனபோது ஒரு கருநிழல் வந்து வள்ளத்தை ஒட்டி நின்றது. "சுறா மாமா!" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். "சுறா இல்லடா மாப்ள, கடல் விரா. சும்மா பாக்க வந்திருக்கு."

மீனுக்கு ஏது வேடிக்கை பார்க்கும் புத்தி என்று தோன்றும். ஆனால் கடல் விராலுக்கு அது உண்டு என்றே சொல்வேன். மிதவை, கட்டை, ஆமை, பெரிய திருக்கை, எது கண்ணில் பட்டாலும் கூடவே போகும். ஆங்கிலத்தில் இதைக் கோபியா என்பார்கள். நம் குளத்து விராலுக்கும் இதற்கும் உறவே கிடையாது. தட்டைத் தலையையும் நீண்ட உடம்பையும் பார்த்து வைத்த பெயர். தன் குடும்பத்தில் இது ஒரே இனம், தனிக்கட்டை. சுறாவின் மேல் ஒட்டிக்கொண்டு போகும் ஒட்டுமீன்தான் நெருங்கிய சொந்தம். அந்தப் புத்தி கொஞ்சம் இதற்கும் வந்திருக்கிறது போல! வயிற்றில் மிதக்க உதவும் காற்றுப்பை இல்லாததால், நீந்திக்கொண்டே இருந்தாக வேண்டும்.

இந்தக் குணத்தை வைத்துத்தான் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் தூண்டில்காரர்கள் இதைப் பிடிக்கிறார்கள். வசந்த காலத்தில் கூட்டம் கரையோரமாக நகரும். படகின் மேல் உயரமாகக் கட்டிய மேடையில் நின்று, தண்ணீருக்குள் பழுப்பு நிழல் தெரிகிறதா என்று பார்த்து, அதன் மூக்குக்கு முன்னால் இரையைப் போடுவார்கள். ஒன்று மாட்டினால் அவசரப்பட்டுத் தூக்குவதில்லை. பின்னாலேயே இன்னொன்று வேடிக்கை பார்க்க வரும் அல்லவா? 1985-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் தூண்டிலில் சிக்கியது 61.5 கிலோ. உலக சாதனை.

மீன் களைக்கும் முன் வள்ளத்தில் ஏற்றினால் வம்புதான். மாமா ஒரு தடவை அப்படி ஏற்றிவிட்டு, வாலடியில் பெட்ரோமாக்ஸ் கண்ணாடியை இழந்தார். அன்று முழுக்க அத்தையிடம் பேச்சு வாங்கினார்.

இதே மண்டபத்தில்தான், 2010-ல், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியாவில் முதன்முறையாகக் கடல் விராலை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். குஞ்சு வளர்ப்பதில் ஒரு தலைவலி: பெரியது சின்னதை விழுங்கிவிடும். அதனால் அடிக்கடி அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் கடலில் மிதக்கும் கூண்டில், ஆறேழு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ வரும். இவ்வளவு வேகமாக வளரும் மீன் குறைவு. தீனி வாளியோடு கூண்டருகே போனால் மொத்தமும் மேலே வந்து வாயைப் பிளக்கும். வேடிக்கை பார்த்த மீன் ஆளையும் பழகிக்கொள்கிறது.

சமையலுக்கு வருவோம். வெள்ளைச் சதை, கெட்டியாக இருக்கும், முள் தொல்லை குறைவு. தோல் தடிப்பு, உரித்துவிடுங்கள். வஞ்சரம் போல வட்டத் துண்டு போட்டு வறுக்கலாம். ஆனால் என் ஓட்டு புளிக்குழம்புக்குத்தான். கொதியில் துண்டு உடையாது. மறுநாள் காலை பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பை ஊற்றிப் பாருங்கள். மீன் வெட்டுபவர் தலையை ஒதுக்கினால் கேட்டு வாங்கிவிடுங்கள், அதற்குத் தனியாக ஒரு சட்டி வைக்கலாம்.

வணக்கம்.