சொல் கேட்டவர்களின் காலம்

நடுவர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் உயிர் காத்திருத்தலா, கீழ்ப்படிதலா என்பது தலைப்பு. கீழ்ப்படிதலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "பர்மாத் தமிழனுக்குக் காத்திருக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றார். மண்டபமே கைதட்டியது, நானும் தட்டினேன். 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது, சென்னைக் கப்பலுக்காக நம் சனம் காத்துக்கிடந்ததைச் சொன்னார். அடுத்து வந்த அக்கா, 2017 நவம்பர் 29ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பலி நிறைவேற்றிய யாங்கோன் கைக்கசான் திடலுக்கு முந்தைய நாளே போய்ப் பாய் விரித்துக் கிடந்ததைச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஐயா, அண்ணன் சொன்னதை வைத்தே கேட்கிறேன். சொல்லித்தர வேண்டாத ஒரு பாடத்துக்காகவா திருச்சபை ஆண்டுதோறும் 4 ஞாயிறுகளை ஒதுக்கி, பீடத்தில் ஊதா விரித்து, பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதைக்கூட நிறுத்திவைத்து, நம்மை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறது?

காத்திருத்தல் நமக்கு நேர்வது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வந்து தலையில் உட்காரும். யாங்கோனில் இருக்கும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்? கரண்ட் போனால் எல்லா வீடும்தான் காத்திருக்கிறது. திரும்ப வந்ததும் தெரு முழுக்க ஒரு சத்தம் எழும்: "மீ லா பீ! மீ லா பீ!" வெளிச்சம் வந்துவிட்டதாம். திருவருகைக் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான குரலை நான் கேட்டதில்லை. ஆனால் வந்த கரண்ட் எந்த வீட்டுக்கு உதவுகிறது? மோட்டார் சுவிட்சைப் போட்டு, பேட்டரியை மாட்டி, அரிசியைக் களைந்து குக்கரில் வைத்திருந்த வீட்டுக்கு. "எல்லாம் தயாரா வச்சிருப்பா" என்று அம்மா காலையில் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். சொன்னதைச் செய்த பிள்ளையும் இருட்டில் காத்திருந்தான். செய்யாத பிள்ளையும் அதே இருட்டில், அதே நேரம் காத்திருந்தான். தொட்டியில் தண்ணீர் ஏறியது ஒரு வீட்டில்தான்.

திருவருகைக் கால முதல் ஞாயிற்றுக்கு உரிய நற்செய்திகளில் ஒன்று மாற்கு 13. வீட்டுத் தலைவர் வெளியூர் போகிறார். எப்போது திரும்புவார் என்று சொல்லவில்லை. ஆனால் போகும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அக்கா, கைக்கசானில் நீங்கள் படுத்திருந்த அந்த இரவுக்கு ஒரு விடியல் தேதி இருந்தது. நாளை காலை வருவார் என்று தெரிந்து கண் விழித்தீர்கள். தேதியே தெரியாதவன் நாளைக் காலையில் எழுந்து எதைப் பிடித்துக்கொள்வான்? கையில் கொடுத்த வேலையைத்தான்.

எதிரணியின் பெரிய ஆயுதம் யாக்கோபு கடிதம் 5ஆம் அதிகாரம். வருகிற ஞாயிறு வாசிக்கப் போகிறோம். பயிரிடுகிறவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருப்பதைப் பாருங்கள் என்கிறார் யாக்கோபு. பார்த்தேன். ஐராவதிக் கழிமுகத்தில் இப்போது அறுவடைக் காலம். அந்தச் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். நடாதவன் மழைக்குக் காத்திருந்தால் அவனைப் பயிரிடுகிறவர் என்று யாராவது சொல்வார்களா? உழுகிற நேரத்தில் ஊர்வழி போனவன், அறுக்கிற நேரத்தில் அரிவாளோடு வந்தானாம். அவனும் காத்திருந்தவன்தான்!

இப்போது நான் சொல்ல வந்ததின் நடுவுக்கு வருகிறேன். லூக்கா நற்செய்தி, முதல் அதிகாரம். செக்கரியா.

குழந்தை இல்லாத முதியவர். எத்தனை ஆண்டு காத்திருந்திருப்பார்! காத்திருத்தலுக்குப் பரிசு கொடுப்பதென்றால் முதல் பரிசு அவருக்குத்தான். வானதூதர் வந்து, உம் மனைவிக்கு மகன் பிறப்பான், அவனுக்கு யோவான் எனப் பெயரிடும் என்கிறார். அவ்வளவு காலம் காத்திருந்தவரால் வந்த செய்தியை நம்ப முடியவில்லை. நாக்கு கட்டப்படுகிறது. மாதங்கள் போகின்றன, எலிசபெத்துக்குப் பிள்ளை பிறக்கிறது. காத்திருத்தல் முடிந்துவிட்டது ஐயா! நாக்கு அவிழ்ந்ததா? இல்லை. பிள்ளையைக் கையில் ஏந்தியும் பேச முடியவில்லை. எட்டாம் நாள் வருகிறது. சொந்தக்காரர்கள் கூடி, அப்பா பெயரையே வைப்போம் என்கிறார்கள். நம் வீட்டுப் பெயர்சூட்டு விழாவில் தாத்தா பெயருக்காக நடக்கிற அதே வழக்கு. உன் உறவில் யோவான் என்று யாருமே இல்லையே என்று எலிசபெத்தை மடக்குகிறார்கள். செக்கரியா பலகையைக் கேட்டு வாங்கி, யோவான் என்று எழுதுகிறார். எழுதிய அந்த நொடியில் நாக்கு அவிழ்கிறது.

பிள்ளை பிறந்தபோது அவிழாத நாக்கு, சொன்ன பெயரை எழுதியபோது அவிழ்ந்தது. லூக்கா இதை எழுதிவைத்திருக்கும்போது, இந்தக் காலத்தின் உயிர் எது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"அப்படியானால் கேள்வி கேட்காமல் தலையாட்டுவதுதான் கீழ்ப்படிதலா?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கேள்வி தம்பி. நம் தமிழிலேயே பதில் இருக்கிறது. காதால் கேட்பதும் கேட்பது. சந்தேகம் கேட்பதும் கேட்பது. "பிள்ளை சொல் கேட்கிறானா?" என்று பாட்டி விசாரிக்கிறாரே, அதுவும் கேட்பதுதான். அன்னை மரியா மூன்றையும் செய்தார். வானதூதர் சொன்னதைக் கேட்டார். இது எப்படி நிகழும் என்று கேட்டார். பிறகு, "நான் ஆண்டவரின் அடிமை, உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்று சொல் கேட்டார். அடுத்த வரியில் லூக்கா அவரை வீட்டில் உட்கார்த்தி வைக்கவில்லை. மலைநாட்டுக்கு விரைந்து போகிறார், மூன்று மாத அளவு எலிசபெத்தோடு தங்குகிறார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண் காத்திருக்கத்தானே வேண்டும்? காத்திருந்தார், இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டில்.

தம்பியின் கேள்விக்குள் இன்னொரு வலி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. கீழ்ப்படி என்ற சொல்லைக் கேட்டாலே நம் சனத்துக்குக் கசக்கும். கூலிக்கு ஆள்பிடித்த மேஸ்திரி கையில் முன்பணம் வாங்கி, அவன் காட்டிய கப்பலில் ஏறி, அவன் காட்டிய கூலி லைன் அறையில் படுத்து, அவன் சொன்ன கணக்குக்குத் தலையாட்டியவர்கள் நம் முன்னோர். அது பயம். வாங்கிய கடன் குனியவைத்த முதுகு. அதை நான் இங்கே புகழ வரவில்லை. மரியாவின் கணவர் சூசையப்பரைப் பாருங்கள். நான்கு நற்செய்தியிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. கனவில் சொல்லப்பட்டதும் எழுந்து செய்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கீழ்ப்படிதல் அவரைப் பிள்ளையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனுக்கு அடங்கிப் போகச் செய்ததா? இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகவைத்தது. விண்மீனைப் பார்த்துப் பிள்ளையைத் தேடி வந்த ஞானிகளும் அப்படியே. திரும்பி வந்து சொல்லுங்கள் என்று அரசன் பணித்திருந்தான். அவர்கள் வேறு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். யாரை நம்புகிறோமோ அவர் சொல்லைக் கேட்கிறோம். மேஸ்திரியை யாரும் நம்பவில்லை, அஞ்சினார்கள். நம்பிக்கை எங்கள் அணிக்கே சொந்தம் என்று எதிரணி சொன்னது. செய்து காட்டாத நம்பிக்கையை நான் எப்படி அடையாளம் காண்பது?

அமெரிக்கப் போதகர் ஜட்சனையும் உங்கள் பக்கம் இழுத்தீர்கள். 1813இல் இந்த ஊரில், அன்றைய ரங்கூனில், இறங்கியவர், முதல் பர்மியருக்குத் திருமுழுக்குக் கொடுத்தது 1819இல். ஆறு ஆண்டு காத்திருந்தார் என்றீர்கள். அந்த ஆறு ஆண்டும் என்ன செய்தார்? பர்மிய மொழியை எழுத்தெழுத்தாகப் படித்தார், நற்செய்தியை மொழிபெயர்த்தார், பாதையோரம் ஸயாத் என்கிற ஒரு சாவடி கட்டி வழிப்போக்கர்களோடு உட்கார்ந்து பேசினார். போ என்று சொன்னவரின் சொல்லைக் கேட்டவர் அவர்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்லவேண்டும் ஐயா. 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறு முடிந்து இரண்டாம் நாள். ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்கள் எத்தனையோ பேர் போனார்கள். கிறிஸ்துமஸ் அன்றே மறுபடியும் குண்டு. சனம் ஊரை விட்டு நடக்கத் தொடங்கியது. என் பாட்டிக்கு அப்போது 7 வயது. பக்கத்து அறையில் தாயை இழந்த 2 பிள்ளைகள் நின்றார்கள். அப்பாவும் வேலையிலிருந்து திரும்பவில்லை. "அவர் வருவார், இங்கேயே இருக்கட்டும்" என்று லைனில் எல்லாரும் சொன்னார்களாம். பாட்டியின் அம்மா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்து, மற்றதின் கையைப் பாட்டியின் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டு நடந்தார். "ஆண்டவர் சொன்னது இதுதானே, இதை இப்போ செய்யாம எப்போ செய்யறது?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். பாட்டி சாகும்வரை மணிக்கட்டைத் தடவித் தடவித்தான் இதைச் சொல்வார். இப்போதெல்லாம் ஆண்டுதோறும் டிசம்பர் 23ஆம் நாள் திருப்பலியில் நாம் வாசிக்கும் நற்செய்தி எது தெரியுமா? செக்கரியாவின் நாக்கு அவிழ்ந்த அதே பகுதி.

இன்னும் ஒரே ஒரு இடம். சென்ற ஆண்டு நான்காம் ஞாயிறு எபிரேயர் திருமுகம் 10ஆம் அதிகாரத்தை வாசித்தோம். உலகுக்கு வரும்போது கிறிஸ்து என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்? "உமது திருவுளத்தை நிறைவேற்ற இதோ வருகின்றேன்." நாம் யாருக்காகக் காத்திருக்கிறோமோ அவர் வருவதே ஒரு கீழ்ப்படிதல். அவர் சொல் கேட்காதிருந்தால் நீங்களும் நானும் எதற்குக் காத்திருந்திருப்போம்?

அதற்கு முந்தைய ஞாயிறு வாசித்தது, யோர்தான் கரையில், வளர்ந்துவிட்ட செக்கரியாவின் மகன் யோவானிடம் மூன்று கூட்டத்தார் கேட்ட ஒரே கேள்வி. மக்கள் கேட்டார்கள், வரி வசூலிப்பவர்கள் கேட்டார்கள், படைவீரர்கள் கேட்டார்கள்: "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்று மக்களுக்குப் பதில் வந்தது.

இந்த 2025ஆம் ஆண்டு மார்ச் 28 நிலநடுக்கத்தில் சகாயிங்கிலும் மண்டலேயிலும் வீடிழந்தவர்களுக்கு இப்போது குளிர்காலம். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் சரி நடுவர் ஐயா, எதிரணி அண்ணன்மாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: மண்டப வாசலில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். கம்பளி, ஸ்வெட்டர், பிள்ளைகள் சட்டை எதுவானாலும் துவைத்து மடித்து, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போட்டுவிடுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் லாரி கிளம்புகிறது.