அச்சு வார்க்கும் முன் ஒரு தேடல்

(நாகர்கோவிலில் சிறுதொழில் முனைவோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தொழில் முனைவோரே, பொறியியல் மாணவர்களே, வணக்கம்.

காப்புரிமை, அதாவது புதுக் கண்டுபிடிப்புக்குத் தரப்படும் ‘பேட்டன்ட்’, அது பற்றிய வழக்கு என்றால் அமெரிக்கக் கம்பெனிகளின் விவகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2007-இல் டிவிஎஸ், ‘ஃபிளேம்’ என்ற 125 சிசி பைக்கை அறிமுகப்படுத்தியது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். சிறிய சிலிண்டரில் இரண்டு பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் ஏற்கெனவே காப்புரிமை பெற்றிருந்தது. எங்கள் எஞ்சினில் மூன்று வால்வுகள், இது வேறு என்று டிவிஎஸ் வாதாடியது. 2008 பிப்ரவரியில் அந்த இரண்டு பிளக் வண்டிக்கு நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தது. டிவிஎஸ் ஒரு பிளக்கை எடுத்துவிட்டு, அடுத்த மாதமே வண்டியை விற்பனைக்கு விட்டது.

2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும், விற்பனைக்குச் சரியான கணக்கு வைத்துக்கொண்டு டிவிஎஸ் விற்கலாம் என்றது. இரு தரப்பும் சமரசமானது 2019-இல்! நியாயம் யார் பக்கம் என்று முடிவாவதற்குள் எஞ்சினின் வடிவமே மாறிவிட்டது. இதை நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் காப்புரிமைகளை வாங்கிக் குவித்தே தங்களைக் காத்துக்கொள்கின்றன. கூகுள் 2011-இல் மோட்டோரோலா மொபிலிட்டி என்ற கைபேசி நிறுவனத்தை 1,250 கோடி டாலருக்கு வாங்க முன்வந்ததற்கு, அதன் 17 ஆயிரம் காப்புரிமைகள் முக்கியக் காரணம். நமக்கு அந்தப் பணம் ஏது? நம்மிடம் இருப்பது முன்யோசனைதான்.

குலசேகரத்தில் ஒருவர் ரப்பர் பால்வெட்டும் மின்கருவி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாகங்களை வார்க்கும் அச்சுக்குப் பணம் கொடுக்கும் முன், காப்புரிமை அலுவலக இணையதளத்தில் தேட வேண்டும். கட்டணம் கிடையாது. தலைப்பைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. எதற்கெல்லாம் உரிமை கேட்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் கோரிக்கைப் பகுதியை (‘கிளெய்ம்ஸ்’) வரி வரியாகப் படிக்க வேண்டும். மோட்டார், பட்டையில் கத்தி ஆழமாக இறங்காமல் நிறுத்தும் தடுப்பு, மரத்தைச் சுற்றும் தண்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததற்கே உரிமை என்றிருந்தால், தண்டே தேவைப்படாத வழியைத் தேடலாம். வழக்குப் பயம் நல்ல வடிவமைப்பாளரை அப்படித்தான் புது வழிக்குத் தள்ளுகிறது. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியானவையும், 20 ஆண்டு முடிந்தவையும் எல்லோருக்கும் பொது. இந்தியாவில் பதிவாகாததை இங்கே செய்து விற்கலாம். ஏற்றுமதி என்றால் அந்த நாட்டுப் பதிவையும் பார்த்தாக வேண்டும்.

யாராவது வழக்கு என்று மிரட்டிக் கடிதம் அனுப்பினால், உடனே மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீங்களே நீதிமன்றம் போக, காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் கடிதத்தோடு வழக்கறிஞரிடம் போங்கள். வடிவமைத்த நாளிலிருந்து எழுதி வைத்த குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.