சத்திரக்காரனுக்கு யார் துணை?

நேயர்களுக்கு வணக்கம். போரில் வீடிழந்து வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிறிஸ்தவ சபைக்கு உதவப் போகிறவர்கள் அங்கே என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பேசத்தான் வந்திருக்கிறேன். நான் பேசப்போகும் இடம் மால்டோவா. ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே இருக்கிற சின்ன நாடு, 30 லட்சம் பேர்கூடக் கிடையாது, ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்று. பிழைப்புக்காக அந்த ஊர்க்காரர்களே இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய் வேலை பார்க்கிறார்கள்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அன்றைக்கே ஒடெசா பக்கத்திலிருந்து கிளம்பிய கார்கள் பாலங்கா எல்லைச் சாவடியில் நீண்ட வரிசையில் நின்றன. 18 வயதிலிருந்து 60 வயது வரை உள்ள ஆண்கள், சில விலக்குகள் தவிர, நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று உக்ரைன் அரசு உத்தரவு போட்டுவிட்டதால், எல்லை வரை காரோட்டி வந்த கணவர்கள் அங்கேயே மனைவி பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள், அதற்கு மேல் அந்தப் பெண்கள் கையில் ஒரு பெட்டியும் இடுப்பில் ஒரு குழந்தையுமாகப் பனியில் நடந்தே வந்தார்கள். சில வாரங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மால்டோவாவுக்குள் வந்தார்கள். பெரும்பாலோர் ருமேனியா வழியாக மேலே போய்விட்டார்கள். உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினரும் இப்படி மால்டோவா வழியாக ருமேனியா போய், அங்கிருந்து ஆபரேஷன் கங்கா என்ற இந்திய அரசின் மீட்பு விமானங்களில்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மால்டோவாவிலேயே தங்கினார்கள். எல்லையைத் தாண்டினால் வீடு, திரும்பிப் போக அதுதான் வசதி என்ற நம்பிக்கை அவர்களுக்கு.

அந்த நாட்டில் பெரும்பான்மை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகள் சிறுபான்மைதான். ஆனால் சோவியத் காலத்தில் உக்ரைன் பாப்திஸ்துகளும் மால்டோவா பாப்திஸ்துகளும் ஒரே அமைப்புக்குள் இருந்தவர்கள், அதனால் அந்தப் பக்கத்துப் போதகரின் எண் இந்தப் பக்கத்துப் போதகரின் போனில் ஏற்கெனவே இருந்தது. ரஷ்ய மொழி இரண்டு பக்கமும் புரியும். இரவு 11 மணிக்கு ஒரு அழைப்பு வரும், இத்தனை பேர் வருகிறார்கள், இரண்டு பேர் வயதானவர்கள், ஒரு கைக்குழந்தை என்று. சபை மண்டபத்தில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மெத்தை விரிப்பார்கள்.

வெளிநாடுகளிலிருந்து மிஷன் குழுக்கள் வந்தது அப்புறம்தான். அப்படி ஒரு குழுவோடு போனவன் நான். போனவுடன் எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது ஜெபமும் இல்லை, பாட்டும் இல்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வந்து இறங்கும் பெண்கள் சூப்பைத் தொடுவதற்கு முன்னால் சார்ஜர் எங்கே என்றுதான் கேட்பார்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் நிற்கிற கணவனிடம் "வந்து சேர்ந்துவிட்டோம்" என்று சொல்ல வேண்டும். சுவரோரம் வரிசையாகப் போன்கள் கிடக்கும், ஒவ்வொன்றின் மேலும் பேர் எழுதிய துண்டுத் தாள் ஒட்டியிருக்கும், ஒன்று மணியடித்தால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கென்றே ஒரு பெண் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். என்னைக் கேட்டால், அந்த மண்டபத்திலேயே முக்கியமான ஊழியம் அதுதான்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில் நாம் எல்லோரும் சமாரியனைப் பற்றிப் பேசுவோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்து சத்திரத்தில் சேர்த்தான், சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்தான், மறுநாள் கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் காயத்துக்குக் கட்டு மாற்றியது யார், கஞ்சி கொடுத்தது யார்? சத்திரக்காரன்தான். மால்டோவாவின் சபைகள் அந்தச் சத்திரக்காரன். நாம் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவோம், அவர்கள் மாதக்கணக்கில் தூங்காமல் நிற்கிறார்கள். அதனால் நாம் போவது முதலில் அகதிகளுக்கு உதவ அல்ல, அந்தச் சபைக்கு உதவ. உருளைக்கிழங்கு உரிக்கலாம், கழிவறை கழுவலாம், போதகரின் மனைவியை ஒரு மதியம் படுத்துத் தூங்க வைக்கலாம். யாருக்கு எந்த அறை, யார் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை நமக்கில்லை.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். ரொட்டியோடு சுவிசேஷக் கைப்பிரதியைச் சேர்த்து நீட்டுவது தவறு. நம் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற பெண் நாம் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வாள், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதிகளே உதவியை மதக் கொள்கையைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. நம் விசுவாசத்துக்குச் சாட்சி நம் கை செய்யும் வேலையில் தெரியட்டும். அவளாகக் கேட்டால் பேசுவோம், ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம்.

ஆபத்தும் இருந்தது. எல்லையில் "வாருங்கள், இலவசமாக ஜெர்மனிக்குக் கூட்டிப்போகிறேன்" என்று நின்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல முடியாது. இளம் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் தனியாக வருகிற இடத்தில் ஆள் கடத்துபவர்களும் வருவார்கள். அதனால் சபையிலிருந்து ஒரு குடும்பம் கிளம்பினால், ஓட்டுநரின் அடையாள அட்டையையும் வண்டி எண்ணையும் படமெடுத்து, போய்ச் சேரும் இடத்தில் யார் அழைத்துக்கொள்வார் என்று பேசி உறுதி செய்த பிறகே அனுப்புவார்கள். கோபித்துக்கொண்டு போன ஓட்டுநர்களும் உண்டு. போகட்டும்.

பழைய துணி அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூட்டை மூட்டையாக வரும், பிரிக்க ஆளிருக்காது, கோடைச் சட்டைகள் பனியில் கிடக்கும். தேவைப்பட்டது புது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், குழந்தைக்குப் பால்பொடி, சர்க்கரை நோய்க்கு இன்சுலின். இதையெல்லாம் பணம் கிடைத்தால் பக்கத்துக் கடையிலேயே வாங்கிவிடலாம், அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம்.

கேமராக்கள் போன பிறகுதான் கடினமான காலம். 2022 அக்டோபரில் ரஷ்யா மால்டோவாவுக்கு அனுப்பும் எரிவாயுவைக் குறைத்தது. நவம்பரில் உக்ரைனின் மின்நிலையங்கள்மேல் ஏவுகணை விழுந்தபோது, இரு நாட்டு மின் கம்பிகளும் இணைந்திருந்ததால் மால்டோவாவின் பாதியும் இருளில் மூழ்கியது. மண்டபத்தில் குழந்தைகள் தூங்கும்போது ஹீட்டரை அணைக்க முடியாது, கட்டணமோ பல மடங்கு ஏறியிருந்தது. அந்த நேரத்தில் மிஷன் குழுக்களின் வரத்தும் குறைந்துபோயிருந்தது.

ஆகவே நேயர்களே, உங்கள் சபை எந்த நாட்டு அகதிகளுக்காவது உதவ நினைத்தால், டிக்கெட் போடுவதற்கு முன் அங்கே இருக்கிற போதகரிடம் கேளுங்கள், இப்போது ஆள் வேண்டுமா பணம் வேண்டுமா என்று. பணம் போதும் என்றால் டிக்கெட் காசை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஆள் வேண்டும் என்றால் சமைக்கத் தெரிந்தவர், வண்டி ஓட்டுபவர், செவிலியர், மொழி தெரிந்தவர் என்று பார்த்து அனுப்புங்கள், முதல் மாதத்திலேயே எல்லோரும் போய்விடாமல் ஒருவர் பின் ஒருவராக, அடுத்த குளிர்காலம் வரைக்கும். நன்றி, வணக்கம்.