குதிரை மசால்: இலை நின்றால்தான் விலை

[காட்சி: வியாசர்பாடிச் சந்து, அதிகாலை. பால் கறக்கும் கை.]

வணக்கம். வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் இன்றைக்கும் கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மேய விட இடம் கிடையாது. செங்குன்றம் தாண்டிக் கிணற்றுப் பாசனத்தில் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைப் போட்டு, காயவைத்து இவர்களுக்கு விற்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

முதலில் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல வருடமாகிறது. உவர் கூடினால் இந்தப் பயிர் விளைச்சல் தராது. கிணற்று நீரைப் பரிசோதித்த பிறகு விதை வாங்குங்கள். ஹெக்டேருக்கு 20 கிலோ, வரிசை இடைவெளி 25 செ.மீ. விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அப்புறம் வாரம் ஒருமுறை. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஐப்பசி மழை வடியாத நிலத்தில் போடவே வேண்டாம்.

[காட்சி: அறுத்துப் பரப்பிய மசால்.]

முதல் அறுப்பு 75-80 நாளில், பிறகு 25-30 நாளுக்கு ஒன்று. பூ எட்டிப் பார்க்கும்போதே அறுத்துவிடுங்கள். இன்னும் ஒரு வாரம் விட்டால் எடை கூடுமே என்று ஆசை வரும். கூடுவது தண்டுதான். புரதத்தில் பெரும்பங்கு இலையில் இருக்கிறது. உச்சி வெயிலில் புரட்டினால் அந்த இலை நொறுங்கி மண்ணோடு போய்விடும், கையில் குச்சிதான் மிஞ்சும். பனி ஈரம் இருக்கும் காலையிலேயே புரட்டுங்கள். மழை மாதங்களில் பச்சையாகவே விற்பது நல்லது.

சரி, காய்ந்துவிட்டதா? ஒரு கண்ணாடி ஜாடியில் நறுக்கிய மசாலைப் போட்டு, உலர்ந்த தூள் உப்பு ஒரு பிடி சேர்த்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டி பிடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உதிரியாக நின்றால் 15 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, கட்டலாம். ஈரத்தோடு அடுக்கிய கட்டு உள்ளுக்குள் சூடேறும். பூசணம் பிடிக்கும், தீப்பிடிப்பதும் உண்டு.

[காட்சி: பிரித்த கட்டு, பச்சை நிறம்.]

நாலு கிலோவுக்கு மேல் பச்சை காய்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கும். பச்சை விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கட்டைப் பிரித்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பச்சை நிறமும் இலையும் வாசனையும்தான் தரம். மாட்டுக்கு வைக்கோலோடு கலந்து போடச் சொல்லுங்கள்.

கொளத்தூரில் முயல் வளர்ப்பவர்களும் கேட்பார்கள். குட்டிக்குக் கொடுக்கலாம். வளர்ந்த முயலுக்கு இதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீரில் கல் சேரும். விற்கிற நாம்தான் அதை அவர்களிடம் சொல்ல வேண்டும்.