பேராசிரியர் எல்லாரும் முனைவர்தாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சென்ற வாரம் வந்த ஒரு கேள்வி என்னை நான்கு நாட்களாக விடவில்லை. "முதுகலை படிக்கும் என் மகள், தன் உதவிப் பேராசிரியரிடமே பிறகு முனைவர் பட்ட ஆய்வுக்கும் சேர விரும்புகிறாள், ஆனால் அவரே இன்னும் முனைவர் பட்டம் பெறவில்லை. அவர் அந்தப் பதவியில் இருப்பது முறைதானா?" என்று ஒரு தாயார் கேட்டிருந்தார்.

முறைதான், அம்மா. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் இருந்தால் போதும். பல்கலைக்கழகத் துறைகளுக்கு மட்டும் முனைவர் பட்டம் கட்டாயம் என்றிருந்த நிபந்தனையும் தள்ளிப்போடப்பட்டு, 2023இல் கைவிடப்பட்டது.

பட்டம் வேறு, பதவி வேறு. முனைவர் என்பது பட்டம். ஓய்வு பெற்ற பின்னும் பெயரோடு நிற்கும். பேராசிரியர் என்பது பதவி, உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்ற பதவிகளுக்கும் மேலே உள்ளது. ஆனால் நம் ஊரில் கல்லூரியில் பாடம் நடத்துபவர் அனைவருமே பேராசிரியர்தாம். நான் விரிவுரையாளராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், தங்கையின் திருமண அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'பேராசிரியர்' என்று அச்சடித்துவிட்டார்கள். அதை நீட்டியபோது எங்கள் துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு முறை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னாளில் ஆறாவது ஊதியக் குழுவையொட்டி விரிவுரையாளர் என்ற பெயரே உதவிப் பேராசிரியர் என மாறியதால், அந்த அழைப்பிதழ் பாதி உண்மையாகிவிட்டது!

உதவிப் பேராசிரியருக்கு மேலுள்ள பதவிகளுக்குப் பட்டம் இல்லாமல் நகர முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, இணைப் பேராசிரியராக நேரடியாக நியமிக்கப்பட முனைவர் பட்டத்துடன் 8 ஆண்டு அனுபவமும் 7 ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். பேராசிரியருக்கு அவை இரண்டுமே 10.

உண்மையில், "அவர் என் மகளின் ஆய்வை வழிநடத்தும் நெறியாளராக முடியுமா?" என்றுதான் அந்தத் தாயார் கேட்டிருக்க வேண்டும். முடியாது, பட்டமும் பதவியும் கைகோக்கும் இடம் இது. முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் 4 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், பேராசிரியர் 8 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். ஆனால் இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரிடமும் சேர்ந்துவிடக் கூடாது. என் நெறியாளர், என் ஆய்வேட்டின் முதல் இயலை ஐந்து முறை திருப்பித் தந்தவர். ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்புகள் வரை பென்சில் கோடு ஓடியிருக்கும். ஆகவே, அம்மா, மகள் யாரிடம் சேர நினைத்தாலும், அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களைச் சந்தித்து, கடைசியாகக் கொடுத்த இயல் எத்தனை நாளில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.