தைத்ததைக் குறை சொன்னால் அது புல்லியிங் ஆகுமா?

(ஆடை வடிவமைப்புத் துறை மாணவ மாணவிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மென்மையான ஓர் உடையை முரட்டுத்தனமான ஜாக்கெட், பூட்ஸ், பெல்ட்டோடு எப்படிச் சேர்த்து உடுத்துவது என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். அதைப் பேசத்தான் போகிறேன். ஆனால் காலையில் உங்கள் விமர்சன வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சொல் காதில் விழுந்தது: புல்லியிங், அதாவது ஒருவரைச் சீண்டித் துன்புறுத்துவது. அதைப் பற்றியும் பேசாமல் ஊர் திரும்ப மனமில்லை.

முதலில் உடை. பூப்போட்ட ஷிஃபான் கவுன், மேலே கறுப்புத் தோல் ஜாக்கெட், காலில் கனத்த பூட்ஸ். இன்று இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஜாக்கெட்டை நியூயார்க்கில் இர்விங் ஷாட் 1928ல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காகத் தைத்தார். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஜிப் சாய்வாக ஓடுவது அழகுக்காக வந்ததல்ல. குனிந்து வண்டி ஓட்டுகிறவரின் நெஞ்சில் காற்று அடிக்கக் கூடாது என்பதற்காக. டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் 1960 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் தயாரானது. முதலில் அதைப் போட்டவர்கள் தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும். அப்புறம் பங்க் என்ற முரட்டு ராக் இசையைக் கொண்டாடிய இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் இசையோடு வளர்ந்த அமெரிக்கப் பெண்கள், பழைய துணிக் கடையில் வாங்கிய பூக்கவுனுக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். "இப்படித்தான் ஒரு பெண் இருக்க வேண்டும்" என்று சொன்னவர்களுக்கு அந்தச் சேர்க்கையே பதிலாக இருந்தது.

செய்முறைக்கு வருகிறேன். ஜாக்கெட் இடுப்போடு நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பாவாடையின் விரிவு செத்துவிடும். பூட்ஸுக்கும் உடையின் ஓரத்துக்கும் நடுவே கொஞ்சம் கால் தெரியட்டும், இல்லையென்றால் உடையே பூட்ஸின் வாயை மூடட்டும். இரண்டும் உரசிக்கொண்டு நின்றால் கால் குட்டையாகத் தெரியும். லேஸ் உடை என்றால் ஜிப்பைக் கவனியுங்கள். ஒரு பல்லில் நூல் மாட்டினால் போதும், கையை எடுப்பதற்குள் அரை விரல் அகலத்துக்கு ஓட்டை விழுந்துவிடும். ஜாக்கெட்டை முழுக்கத் திறந்துவிட்டு, லேஸை ஒரு கையால் உடம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு போடுங்கள். சென்னை வெயிலில் தோல் ஜாக்கெட் வேண்டாம். கைவைக்காத டெனிம் ஜாக்கெட்டும் கனமான ஆக்ஸிடைஸ்டு வெள்ளி வளையும் அதே வேலையைச் செய்யும்.

இனி காலையில் நடந்தது. ஒரு மாணவி பீச் நிற ஷிஃபான் உடையோடு ஆணி பதித்த பெல்ட்டைக் காட்டினார். சக மாணவர் ஒருவர், "ஆணி ஷிஃபானை இழுக்குது, கொசுவம் கலையுது, பெல்ட் வேண்டாம்" என்றார். குரலில் கேலி இல்லை. அவர் சொன்னது சரியும்கூட. உடனே, "இது புல்லியிங்" என்று அந்த மாணவியிடமிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான், சொன்னவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்து வந்தவர்களின் உடைகளில் தவறு இருந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே வகுப்பு முடிந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி கண் விழித்துத் தைத்ததை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றால் யாருக்கும் வலிக்கும். அந்த வலி உண்மை. ஆனால் வலித்ததெல்லாம் வதை ஆகிவிடாது.

புல்லியிங்கை ஆராய்ந்தவர்களில் முன்னோடி டான் ஒல்வேயஸ். ஸ்வீடனில் பிறந்து, நார்வேயின் பெர்கன் நகரில் வேலை செய்த உளவியலாளர். 1980களின் தொடக்கத்தில் நார்வேயில் மூன்று பள்ளிச் சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்ற பேச்சு நாட்டையே உலுக்க, 1983ல் அரசு நாடு முழுக்கப் பள்ளிகளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஒல்வேயஸின் தடுப்புத் திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. புல்லியிங்குக்கு அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். துன்புறுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். செய்கிறவர் கை ஓங்கியிருக்க, படுகிறவரால் தடுத்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சம பலமுள்ள இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் அது சண்டை. கொடூரமான செயல் என்றால் ஒரே தடவை நடந்தாலும் போதும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

காலையில் நடந்ததை இதில் வைத்துப் பாருங்கள். நோக்கம் உடையைத் திருத்துவது. நடந்தது ஒரு தடவை. இருவரும் ஒரே வகுப்பு. அதே மாணவர் தினமும் அந்த மாணவி வரும்போது அவள் உடம்பைப் பற்றிச் சொல்லியிருந்தால், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வாட்ஸப் குழுவில் படம் போட்டுச் சிரித்திருந்தால், நானே முதல் ஆளாக எழுந்திருப்பேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உடைக்காகவே அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில் பேக்கப் என்ற சின்ன ஊர். 2007 ஆகஸ்டில் அங்கே ஒரு பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணும் அவருடைய காதலரும் இருந்தார்கள். இருவரும் காத் பாணியில் உடுத்துகிறவர்கள்: கறுப்பு உடை, முகத்தில் வளையங்கள். பையன்கள் சிலர் முதலில் காதலரை அடித்து வீழ்த்தினார்கள். சோஃபி அவர் தலையை மடியில் ஏந்தி, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். அப்புறம் சோஃபியையே மிதித்தார்கள். நினைவு திரும்பாமலே அந்த மாதமே இறந்துபோனார். தோற்றம் வேறாக இருந்ததற்காக நடந்த வெறுப்புக் குற்றம் இது என்று நீதிபதி தீர்ப்பில் சொன்னார். தாயார் சில்வியா மகள் பெயரில் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளி பள்ளியாகப் பேசினார். 2013ல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, காத், பங்க் போன்றவர்கள் மீதான தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது.

சோஃபிக்கு நடந்ததைப் புல்லியிங் என்றால் சொல் போதவில்லை. அது கொலை. பெல்ட் வேண்டாம் என்பதைப் புல்லியிங் என்றால் சொல் மிஞ்சிப்போகிறது. இரண்டுக்கும் நடுவே, உங்கள் விடுதியிலேயே யாரோ ஒருவர் தினமும் சீண்டப்பட்டுக்கொண்டு இருக்கலாம். எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால், அவர் வந்து சொல்லும்போது, "இவங்களும் அதையேதான் சொல்றாங்க" என்று வார்டன் ஃபைலை மூடிவிடுவார். எனக்கு அந்தப் பயம்தான்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1996ல் நம் மாநிலத்தில் ஒரு மருத்துவ மாணவர் சீனியர் கையில் கொலையுண்ட பிறகு, 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. உங்கள் கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருந்தாக வேண்டும். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. புகார் எழுதும்போது புல்லியிங் என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். யார், எந்தத் தேதி, எந்த இடம், என்ன சொன்னார், எத்தனையாவது தடவை, கூட யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். செல்போனில் வந்ததை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விமர்சன வகுப்பில் உடையைப் பற்றி மட்டும் பேசலாம், உடுத்தியவரின் உடம்பையோ நிறத்தையோ ஊரையோ தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாராவது அந்தக் கோட்டைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள். கோட்டுக்கு உள்ளே நின்று பேசுகிறவரைத் தைரியமாகப் பேச விடுங்கள்.